கௌசல்யா: பார்க்க, வீடு

கௌசல்யா செவ்வாய்க்கிழமை மதியம் வீடாக ஆனாள். அதில் அவள் கணவன் குமரகுருவின் பங்கு ஒரே ஒரு வரிதான்.

குமரகுரு கெட்டவன் இல்லை. ஒழுங்கானவன். அதுதான் தொல்லை. கையடக்கமான ஒரு டேப்லெட்டில், விக்கிப்பீடியா மாதிரி, தனக்கென்று சொந்தமாக ஒரு விக்கி வைத்திருந்தான். மிக்ஸிக்கு ஒரு பக்கம், பல் டாக்டருக்கு ஒரு பக்கம், மாடிக் குழாயை எப்படித் திருகினால் ஒழுகாது என்பதற்கு ஒரு பக்கம். ஒரு பக்கத்தில் இருக்கும் பெயரைத் தொட்டால் அந்தப் பெயரின் பக்கம் திறக்கும். உலகமும் ஏறக்குறைய அதன்படியே நடந்துகொண்டிருந்தது. பல் டாக்டரின் நேரத்தை இவன் மாற்றி எழுதினால் அவர் அந்த நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருப்பார். யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

ஒரே விஷயம் இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது என்பது அவன் கொள்கை. செவ்வாயன்று லீவு போட்டுவிட்டு விக்கியைத் துப்புரவு செய்தான். கௌசல்யாவின் பக்கம் வந்தது. பால் வாங்குவாள், மோட்டார் போடுவாள், கேஸ் புக் பண்ணுவாள். அத்தனையும் 'வீடு' பக்கத்தில் ஏற்கெனவே இருந்தன. கழித்துப் பார்த்தால் அவளுக்கென்று ஒன்றும் மிஞ்சவில்லை. பக்கத்தை அழித்துவிட்டு, 'கௌசல்யா: பார்க்க, வீடு' என்று எழுதினான். பார்க்கச் சுத்தமாக இருந்தது.

"மோட்டார நிறுத்துங்க, டேங்க் வழியுது" என்றது சமையலறைச் சுவர். கௌசல்யாவின் குரல்.

போய் நிறுத்தினான். பிறகுதான் அடுப்படியில் ஆள் இல்லை என்பதைக் கவனித்தான்.

"எங்க இருக்க?"

"இங்கதான். எல்லா எடத்துலயும்."

"வெளிய வா."

"நான் எங்க வர்றது? நீங்கதான உள்ள இருக்கீங்க."

போன் அடித்தது. கௌசல்யா வேலை பார்க்கும் கூட்டுறவு வங்கியின் மேலாளர்.

"சார், மேடம் சீட்ல உங்க வீடு உக்காந்திருக்கு."

"வேலை பாக்குதா?"

"அதெல்லாம் பாக்குது. ஆனா நகைக்கடனுக்கு வந்தவங்க செருப்பக் கழட்டிட்டு உள்ள போயிட்டாங்க. காபி குடிக்கிறாங்களாம்."

குமரகுருவுக்கு அப்போதுதான் பேக்கப் ஞாபகம் வந்தது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு டேப் தினமும் பேக்கப் எடுக்கும். எடுத்துவிட்டால் எழுதியது எழுதியதுதான். சாயங்காலத்துக்குள் அவளைத் திரும்பக் கொண்டுவராவிட்டால் ஆயுசுக்கும் சுவரோடுதான் குடித்தனம்.

அழித்த பக்கத்தைத் திரும்ப உண்டாக்கப் பார்த்தான். 'வீடு பக்கத்தில் இல்லாத ஒரு வரி தேவை' என்றது டேப்.

ஒரே ஒரு வரி. கட்டின பெண்டாட்டியைப் பற்றி ஒரு வரி எழுத முடியாதா என்று சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

'கௌசல்யா வங்கியில் வேலை பார்க்கிறாள்.'

'ஏற்கெனவே உள்ளது. வீடு, பகுதி: வருமானம்.'

'கோபம் வந்தால் பேச மாட்டாள்.'

'ஏற்கெனவே உள்ளது. வீடு, பகுதி: அமைதி.'

'மல்லிகைப் பூ வைப்பாள்.'

'ஏற்கெனவே உள்ளது. வீடு, பகுதி: நறுமணம்.'

தள்ளுபடியான ஒவ்வொரு வரிக்கும் வீட்டில் ஓர் அறை கூடியது. அமைதிக்கு ஜன்னல் இல்லாத ஓர் அறை வந்தது. நடை நீண்டுகொண்டே போனது. அதன் கடைசியில் வாசற்கதவு ஒரு தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது.

அவன் சுவரில் காதை வைத்தான். "உன்னப் பத்தி நீயே ஒண்ணு சொல்லேன். அவசரம்."

"இவ்வளவு வருஷம் கூட இருந்தீங்க."

"இருந்தேன். ஒண்ணும் ஞாபகம் வரல."

அமைதி பகுதி இன்னும் கொஞ்சம் பெரிதானது. அவனுக்கு வெட்கமாக இருந்தது.

எதிர் ஃபிளாட் ஸ்டெல்லாவைக் கேட்கலாம் என்று தோன்றியது. நடையில் ஷேர் ஆட்டோ வந்தது, ஏறிக்கொண்டான். உள்ளே நகைக்கடன்காரர்கள் இருவர் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார்கள். காபி நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள். வாசற்கதவில் இறங்கி எதிர்க்கதவைத் தட்டினான்.

"கௌசல்யாவப் பத்தி வீட்ல இல்லாததா ஒண்ணு சொல்லுங்க சிஸ்டர்."

ஸ்டெல்லா யோசிக்கக்கூட இல்லை. "எங்ககூட ஷட்டில் ஆடுவாங்களே. செவ்வாய்க்கிழமை, ஆபீஸ் விட்டு வந்து. லெஃப்ட் ஹேண்ட்."

"யாரு?"

"உங்க வைஃப்தான்."

"அவ சாப்பிடுறது வலது கையில."

"ஷட்டில் ஆடுறதச் சொல்றேன் சார்."

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நெய்க்கு அலைந்தவன் கதைதான். நின்ற இடத்திலேயே எழுதினான். 'கௌசல்யா இடது கையால் ஷட்டில் ஆடுவாள்.'

'நீங்கள் பார்த்ததுண்டா?' என்றது டேப்.

'ஆம்' என்று அழுத்தினான். டேப்புக்கு முகம் பார்க்கத் தெரியாது. பக்கம் திறந்தது.

ஸ்டெல்லா வீட்டுப் பின்கதவுக்கு அப்பால் ஷட்டில் மைதானம் இருந்தது. ஸ்டெல்லா மட்டையை எடுத்துக்கொண்டு முன்னால் போனாள். வலைக்கு அந்தப் பக்கம் கௌசல்யா நின்றிருந்தாள். கையும் காலும் உள்ள முழு ஆள். சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள். இவனைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தாள்.

"யாரப் பாக்க வந்தீங்க?"

விக்கியில் அவள் பக்கத்தில் இருந்தது அந்த ஒரு வரிதான். இவன் அதில் இல்லை. அவசரமாக டேப்பைத் திறந்து அவள் பக்கத்தைக் 'குமரகுரு'வோடு இணைக்கப் பார்த்தான். 'அப்படி ஒரு பக்கம் இல்லை' என்றது. உண்மைதான். ஷேவிங் ரேசருக்குக்கூடப் பக்கம் வைத்திருந்தவன் தனக்கு வைத்துக்கொள்ளவில்லை.

'குமரகுரு, கௌசல்யாவின் கணவன்' என்று எழுதினான்.

'ஏற்கெனவே உள்ளது. வீடு, பகுதி: பழுதுபார்ப்பு.'

தெருவில் விளக்குகள் எரிந்தன.

"உங்களத்தான் பாக்க வந்தேன்" என்றான். வாழ்க்கையில் முதல்முறையாக அவளை 'நீங்க' போட்டுப் பேசினான்.

"ஆடுவீங்களா?"

"தெரியாதுங்க."

"அப்ப அந்த பெஞ்சுல உக்காருங்க. கோட்டுக்கு உள்ள வராதீங்க."

உட்கார்ந்தான். பேக்கப் முடிந்ததாக டேப் சொன்னது. அதை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டான். அவள் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவள் இறகுப்பந்தைத் தூக்கிப் போட்டு அடித்தாள். இடது கைதான். ஸ்டெல்லா திருப்பி அடித்தாள். கௌசல்யா ஓடிப் போய்த் தாவினாள், எட்டவில்லை, மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே வாய்விட்டுச் சிரித்தாள்.

வீட்டில் இப்போது எத்தனையோ அறைகள். அந்தச் சிரிப்பு எந்த அறையிலும் இல்லை.