முப்பத்தேழு கிலோமீட்டர்

நான் வண்டியை எரித்துவிட்டேன். எங்கள் சால்ட் லேக் குவார்ட்டர்ஸில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். கீழ்வீட்டு வங்காளி கோஷ் பாபு மாடிப்படியில் வழிமறித்து, அவர்கள் பாஷையில் அண்ணி என்று அழைத்து, "என்ன பௌதி, இன்ஜினில் சோறு வடித்தீர்களாமே?" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டபின் அவரை என்னவெல்லாம் திட்டினேன் என்பதை எழுத முடியாது.

நடந்தது இதுதான். சனிக்கிழமை கரியாஹாட்டில் என் மகள் சஹானாவுக்குப் பாட்டு வகுப்பு. அவளுக்கு ஏழு வயது. வகுப்பு முடிந்து பைபாஸ் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஜூன் மாத வெயில். டாஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. திடீரென்று பானட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி. வண்டி ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு நடு ரோட்டில் நின்றது. பின்னால் வந்த பஸ் பிரேக் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் பஸ்ஸின் மூஞ்சியைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. பின்சீட்டில் சஹானா, "அம்மா, பெல்ட்டைக் கழட்டு! கழட்டு!" என்று அலறினாள். கிளம்பும்போது கீழே வந்து அதை இறுக்கமாக மாட்டிவிட்டது ராகவ், என் கணவன். சனிக்கிழமைகளில் அது அவன் வேலை. அந்தப் பொத்தானை அழுத்தித் திறக்க எனக்கு மூன்று தடவை ஆனது.

வண்டியை இழுத்துவந்து குவார்ட்டர்ஸ் வாசலில் போட்டோம். ராகவ் கேட்ட முதல் கேள்வி எங்களுக்கு அடிபட்டதா என்பதல்ல. "லைட்டு ஏதாவது வந்துதா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "வந்திருக்கும், நீ பார்த்திருக்க மாட்டே. போன் பேசிண்டே ஓட்டியிருப்பே," என்றான். பிறகு சாவியை எடுத்துத் தன் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். "ரிப்பேர் ஆனாலும் கொஞ்ச நாளைக்கு நீ ஓட்ட வேண்டாம். குழந்தை விஷயம்."

குழந்தை விஷயமாம்! பதினோரு வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். துர்கா பூஜை நாட்களில், மனிதத் தலைகளுக்கு நடுவே ஊர்ந்திருக்கிறேன். ஒரு சைக்கிள்மேல்கூட உரசியதில்லை. அந்த ஒரு வார்த்தையால் நான் என் மகளைக் கொல்லப் பார்த்தவளாகிவிட்டேன். அன்றிலிருந்து செக்டர் ஃபைவ் ஆபீஸுக்கு ஷேர் ஆட்டோவில் மூன்று பேர் சீட்டில் நான்காவது ஆளாக உட்கார்ந்து போனேன்.

அந்த வண்டி எங்களிடம் வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. விற்றவர் ஜம்புநாதன் மாமா. ராகவின் ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் ஆபீசர், எங்கள் பிளாக்கிலேயே இருக்கிறார். அவருக்குச் சென்னைக்கு மாற்றல் வந்துவிட்டது. எங்கள் தமிழ்க் குடும்பங்களில் இது பழக்கம்தான். மாற்றலாகிப் போகிறவர் காரை, வாஷிங் மெஷினை, கிரைண்டரை இங்கேயே இன்னொரு தமிழ் வீட்டுக்குத் தள்ளிவிட்டுப் போவார். வாங்குகிறவர் அதைத் தட்டியும் பார்க்கக் கூடாது, மெக்கானிக்கிடமும் காட்டக் கூடாது. காட்டினால் ஆளை நம்பவில்லை என்று அர்த்தம்.

எனக்கு இந்த மரியாதையெல்லாம் ஒத்துவராது. நான் மென்பொருள் சோதிக்கிறவள். யாரையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். வண்டி வாங்கும்போதே ராகவிடம் சொன்னேன், "உன்கிட்டதான் அந்த டப்பா இருக்கே, செருகிப் பாரேன்."

டப்பா என்றால் கட்டைவிரல் நீளத்தில் ஒரு பிளக். ஸ்டியரிங்குக்குக் கீழே அதற்கென்று ஒரு துளை இருக்கிறது. அதில் செருகினால் இன்ஜின் சூடு, வேகம், கோளாறு எண்கள் எல்லாம் போனில் வந்துவிடும். பழைய வண்டி இருந்த காலத்தில் ராகவ் அதை வைத்துக்கொண்டு செய்த அலட்டல் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அன்றைக்கு என்மேல் பாய்ந்தான். "மாமா வாசல்லயே நின்னுண்டு அவர் வண்டிக்கு ஊசி போட்டுப் பார்க்கறதா? அசிங்கமா இல்லே?"

"நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னைக் கேக்காதே," என்றேன். அத்தோடு விட்டேன். விட்டிருக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை ஷம்சுல் என்கிற மெக்கானிக் வந்து பானட்டைத் திறந்து பார்த்தான். ரேடியேட்டரில் சொட்டுத் தண்ணீர் இல்லை. நாட்கணக்காகக் கசிந்திருக்கிறது. ராகவ் மெக்கானிக்குக்காகச் சாவியை வைத்துவிட்டு வெளியே போயிருந்தான். நான் கேட்டேன், "அப்படியென்றால் ஏன் விளக்கு எரியவில்லை?"

ஷம்சுல் இந்தியில் சொன்னதன் சாரம் இது. தண்ணீரே இல்லாவிட்டால் சூடு காட்டும் முள்கூடப் பொய் சொல்லும். ஆனால் அதற்கு வெகு முன்பே மஞ்சள் இன்ஜின் விளக்கு வந்திருக்கும். வரவில்லையென்றால் யாரோ டப்பா வைத்துக் கோளாறுப் பதிவை அழித்து விளக்கை அணைத்திருக்கிறார்கள். விற்கிறவர்கள் செய்கிற வேலை, அக்கா. "ஆனால் ஒன்று. அழித்தபிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று வண்டி எண்ணிக்கொண்டே இருக்கும். அந்தக் கணக்கு யாருக்கும் தெரிவதில்லை."

எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது. ஜம்புநாதன் மாமா! நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய ஸ்லோகம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து என் தலையில் கட்டிவிட்டு, சென்னைக்கு மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார். வண்டி கைமாறிய கடிதத்தைத் தேடி எடுத்தேன். அன்று மீட்டர் நாற்பத்தோராயிரத்து முந்நூறு. இப்போது நாற்பத்தோராயிரத்து ஐந்நூற்றுப் பன்னிரண்டு. எங்களிடம் ஓடியது இருநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர். அழித்தபின் ஓடியது அதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தால் மாமா மாட்டினார்.

டப்பாவை அதன் இடமான மேஜை டிராயரில் தேடினேன். இல்லை. பீரோவில் இல்லை. கடைசியில் ராகவின் ஆபீஸ் பையில், டிபன் டப்பா வைக்கிற அறையில் கிடந்தது. ஆபீஸ் பையில் அதற்கு என்ன வேலை என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கோபம் கண்ணை மறைத்திருந்தது.

"வேண்டாம் வித்யா," என்றான் ராகவ். "போறவரைப் போய் ஏன்? பெரியவர்."

"பெரியவர்னா குழந்தையைக் கொல்லலாமா?"

"பாட்டரி செத்திருக்கும். ஒண்ணும் காட்டாது."

அவனுக்கு ஆபீசர் பயம் என்று நினைத்துக்கொண்டேன். கோழை என்று வாய்விட்டே சொன்னேன். அவன் சாவியை மறுபடி எடுத்துத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு மாமாவுக்குப் பிரிவு உபசார விருந்து. குவார்ட்டர்ஸ் ஹாலில் முப்பது பேர். இலை போடுவதற்கு முன் ஒருவர் எழுந்து, ஜம்புநாதனைப் போல நேர்மையான மனிதரை இனி எங்கே பார்ப்போம் என்று ஆரம்பித்தார். என்னால் உட்கார முடியவில்லை.

"நான் காட்டறேன் மாமாவோட நேர்மையை," என்றேன்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் நிறுத்தவில்லை. ரேடியேட்டர் ஓட்டையைத் தெரிந்தே மறைத்தார், விளக்கு வந்ததை அழித்துவிட்டு விற்றார், பஸ் ஒரு முழம் தள்ளி நின்றிருக்காவிட்டால் இன்று என் குழந்தை இல்லை, ஆனால் பழி மட்டும் என் தலையில் என்று மூச்சுவிடாமல் கத்தினேன். மாமாவின் மனைவி பாகீரதி மாமி அழ ஆரம்பித்துவிட்டாள்.

ஜம்புநாதன் மாமாவின் முகம் சிவந்துபோயிற்று. "என்னம்மா பேசறே நீ? ஜலம் குறைஞ்சுண்டே வரது, வாராவாரம் பார்த்து ஊத்துங்கோ, சீக்கிரம் மெக்கானிக்கிட்ட காட்டுங்கோன்னு ராகவ்கிட்ட சொல்லித்தானே கொடுத்தேன்? லைட்டை அழிக்கறதாவது! எனக்கு டிவி ரிமோட்டே சரியா அழுத்தத் தெரியாது."

"சும்மா சொல்லாதீங்கோ மாமா. வண்டி வாசல்லதான் நிக்கறது. டப்பா என் கையில இருக்கு. இருநூத்திப் பன்னிரண்டுக்கு மேல காட்டினா நீங்க அழிச்சதுன்னு அர்த்தம். வரேளா?"

"வரேன். மடியில கனமில்லே, எனக்கு வழியில என்ன பயம்?"

முப்பது பேரும் பின்னாலேயே வந்தார்கள். ராகவிடம் கை நீட்டிச் சாவியைக் கேட்டேன். அவன் அதைத் தேடி எடுக்க நெடுநேரம் ஆனது. "ஆத்துல போய் பேசிக்கலாமே," என்றான், எனக்கு மட்டும் கேட்கும்படி. சாவியைப் பிடுங்கினேன்.

டப்பாவைச் செருகிச் சாவியைத் திருப்பினேன். இன்ஜின் ஓடாவிட்டாலும் டாஷ்போர்டு விளக்குகள் எல்லாம் வந்தன. போனில் வட்டம் சுற்றி, எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. படிக்காமலே மாமாவிடம் போனை நீட்டினேன். திருடனே தன் வாயால் படிக்கட்டும் என்ற வெறி.

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "கோளாறை அழிச்சப்புறம் ஓடின தூரம். முப்பத்தேழு கிலோமீட்டர்."

"என்னது?"

"முப்பத்தேழும்மா. நீயே பாரு."

பார்த்தேன். முப்பத்தேழுதான். முப்பது வருஷம் கணக்குப் பார்த்த மனிதருக்கு அதன் அர்த்தம் எனக்கு முன்பே புரிந்துவிட்டது. போனை மெதுவாக என் கையில் வைத்து, "வாம்மா, உள்ளே போய்ச் சாப்பிடலாம். இலை போட்டாச்சு," என்றார். இத்தனை பேர் முன்னால் அவரைத் திருடன் என்று காட்ட நினைத்தவளிடம் அவர் அப்படிச் சொன்னார். நான் வெட்கத்தில் செத்தேன்.

முப்பத்தேழு. சனிக்கிழமை நான் கரியாஹாட் போய்த் திரும்பி வழியில் நின்றது வரை பதினேழு. வெள்ளிக்கிழமை வண்டி ராகவின் முறை, அவன் ஆபீஸ் போய் வந்தது இருபது. வெள்ளிக்கிழமை காலையில், வண்டியைத் துடைத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிச் சீக்கிரமே கீழே இறங்கினான். தோளில் ஆபீஸ் பை இருந்தது.

நாலு பேர் முன்னால் ராகவை நீங்கள் என்றுதான் கூப்பிடுவேன். அன்று அது வரவில்லை.

"நீயா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சொல்லு ராகவ். இவா எல்லாரும் என்னைத்தானே ஒரு வாரமா சிரிக்கறா? கேக்கட்டும். நீயா அழிச்சே?"

"வெறும் சென்சார் தப்புன்னு நினைச்சேன்," என்றான். "மாமா போனப்புறம் மெக்கானிக்கிட்ட காட்டலாம்னு இருந்தேன்."

"எத்தனை தடவை அழிச்சே?"

"மூணு."

"என்கிட்ட ஏன் சொல்லலே?"

"சொன்னா... 'நான் அன்னிக்கே சொன்னேனே'ன்னு ஆரம்பிச்சுடுவே."

அவ்வளவுதான். ஆபீசர் பயம் இல்லை, பணக் கஷ்டம் இல்லை. நான் சொல்லக்கூடிய ஒரே ஒரு 'சொன்னேனே'வுக்குப் பயந்து மூன்று தடவை விளக்கை அணைத்திருக்கிறான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் ரேடியேட்டரில் தண்ணீர் நிரம்பிவிடுமா? அதோடு விட்டானா? ஒரு வாரமாக ஊர் என்னைக் காறித் துப்பியபோது பக்கத்திலேயே நின்று பார்த்தான். இதோ, இந்தப் பெரியவரை நான் சபையில் கிழித்தபோதும் வாயைத் திறக்கவில்லை. அவர் சொல்லித்தான் கொடுத்தார் என்று தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

அவனை அறைந்திருப்பேன். சஹானா ஹால் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் மாமாவிடம் போனேன். எல்லோர் முன்னாலும் கத்தினேன், ஆகவே எல்லோர் முன்னாலும் கை கூப்பினேன். "மன்னிச்சுடுங்கோ மாமா. மாமி, நீங்களும்." மாமி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கோஷ் பாபு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு திரும்பி வந்து, வண்டிச் சாவியை ராகவ் பார்க்க என் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். டப்பாவைக் கழற்றவில்லை. அது இனிமேல் அங்கேயே இருக்கும்.

"வித்யா, ஒரு சின்ன விஷயம், அது இவ்வளவு பெரிசா ஆகும்னு..."

"ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும்," என்றேன். "வெள்ளிக்கிழமை காலையில உனக்குத் தெரியும். சனிக்கிழமை நீதான் கீழே வந்தே. அவளைத் தூக்கிப் பின்சீட்டுல உக்கார வெச்சே. பெல்ட்டை இறுக்கி மாட்டினே. மாட்டறச்சே என்ன நினைச்சுண்டே ராகவ்?"

அவன் சஹானாவைப் பார்த்தான். அவள் என் பின்னால் வந்து ஒளிந்துகொண்டாள்.