புகையிலைத் தண்ணீர்

சாலம்மாள் தம்பி அம்மாசியின் வாயருகே குனிந்து மோந்து பார்த்தாள். மறுபடியும் மோந்தாள்.

"பொகையில வாசனதான் அடிக்குது. அது அம்மாசி எப்பவும் போடறதுதானே. ஏண்டி ரங்கம்மா, எந்த மருந்தக் குடிச்சான் எந்தம்பி?"

ரங்கம்மாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். புருஷனை ஆட்டோவில் ஏற்றி, சின்னசேலம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்பே உயிர் போய்விட, பாதி வழியில் திருப்பிக் கொண்டுவந்து இரண்டு மணி நேரமாகியிருந்தது. இன்னும் அழவில்லை.

"வாயத் தொறயேன். நொர தள்ளியிருக்கு, கை காலு இழுத்திருக்கு. காலையில நீ கத்துனது தெருவுக்கே கேட்டுச்சாமே."

"ஆமா அண்ணி. எங்கனா போய்ச் சாவுன்னு நாந்தான் சொன்னேன். போய்ட்டாரு."

"கொழம்புல உப்பு ஜாஸ்தின்னாராம். அதுக்கு இந்தப் பேச்சு" என்றாள் வாசலில் நின்ற ஒருத்தி.

அப்பாவின் காலடியில் நின்றிருந்த இசைவாணிக்கு அம்மாவின் முதுகு மட்டும் தெரிந்தது.

"அப்பா எதையும் குடிக்கல அத்தே."

"நீ இன்னாடி கண்ட?"

"காட்டுல நாந்தானே கூட இருந்தேன். மரவள்ளியில மாவுப்பூச்சின்னு பொகையிலய வேகவச்சு அடிச்சோம். போன தடவ சாவலியேன்னு நாந்தான் ரெண்டு பங்கு போட்டேன். அப்பா மாட்டியிருந்த டேங்கு ஒழுகிக்கினே இருந்துச்சு. முதுகெல்லாம் ஈரம்."

"அது எல தழதானேடி. கடையில விக்கிற வெஷமா?"

"மகளிர் குழுவுல சொல்லிக்குடுத்தாங்க அத்தே. பொகையிலச் சாறு பட்டா பூச்சியோட நரம்பு நிக்காம துடிக்கும், துடிச்சுத் துடிச்சு அப்படியே அடங்கிடும்னு. நோட்டுலகூட எழுதி வச்சிருக்கேன். பூச்சிக்கு மட்டுந்தான்னு நெனச்சேன். அப்பா தல சுத்துதுன்னாரு. இயற்க மருந்துப்பா, ஒண்ணும் பண்ணாது, இன்னும் ரெண்டு டேங்குதான்னு நாந்தான்…"

சாலம்மாள் தம்பியின் தோளைத் தூக்கி, சட்டையின் முதுகைத் தொட்டாள். பிசுபிசுவென்று இருந்தது. விரலை மோந்தாள். முந்தானையில் துடைத்தாள்.

ரங்கம்மாள் திரும்பினாள்.

"குடிக்கலியா?"

"இல்லம்மா."

"மேல பட்டதுக்கேவா?"

இசைவாணி தலையசைத்தாள்.

"வடிகட்டுனது யாரு?"

"நாந்தான்."

"கையாலயா?"

"ஆமா. பிழிஞ்சு."

ரங்கம்மாள் எழுந்தாள். மகளின் மணிக்கட்டைப் பிடித்து, உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி, கொல்லைப்பக்கம் இழுத்துப்போனாள். தொட்டியில் மொண்டு மொண்டு ஊற்றினாள். துணி சோப்பால் விரலிடுக்கு, நகக்கண், முழங்கை வரை தேய்த்தாள்.

"போதும்மா. உள்ள கூப்பிடறாங்க."

ரங்கம்மாள் மறுபடியும் சோப்பை எடுத்தாள்.