பத்தாம் நம்பர் வீட்டு ஆஜர்

நாலு மாதம் ஒரே மதிலுக்குள் அடைந்து கிடந்தால் யாருக்குத்தான் மண்டை சூடாகாது, சொல்லுங்கள். பத்தாம் நம்பர்க்காரியைக் குறை சொல்ல வாய் நீளுகிறவர்கள், அந்தச் சிமெண்டு ஆலைக் குடியிருப்பில் ஒரு வாரம் இருந்து பார்த்துவிட்டு வரட்டும். பன்னிரண்டு வீடு, சுற்றிலும் மதில், மதில் மேல் முள்கம்பி. புருஷன் ஆலையில் ஷிப்ட் இன்ஜினியர். பிழைக்க வந்த தேசத்தில் ஆட்சி கவிழ்ந்து, பொழுது விடிந்தால் கலவரம். அவளுக்குப் பேச்சுத் துணை என்று இருந்தது சுவரும் டிவியும்தான்.

போன் சிக்னலையும் நிறுத்தியாகிவிட்டது. அதனால் ஆலையின் பாதுகாப்பு அதிகாரி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வாக்கி-டாக்கி செட் கொடுத்திருந்தார். அவரும் நம்ம ஆள்தான், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எல்லாருக்கும் மேஜர். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டு நம்பரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். வீட்டுக்காரி "உள்ளே" என்று குரல் கொடுக்க வேண்டும். கொடுத்தால் நோட்டில் டிக். கொடுக்காவிட்டால் ஜீப் வந்து கதவைத் தட்டும். ஒன்று கிடக்க ஒன்று ஆனால் அந்த நோட்டை வைத்துத்தான் ஆட்களை மீட்பது என்று ஏற்பாடு.

இந்த லட்சணத்தில் டாக்டரம்மா வந்து ஆசையைக் கிளப்பினாள். ஆலை ஆஸ்பத்திரி டாக்டர், அவள் காரைச் செக்போஸ்டில் மறிக்க மாட்டார்கள். "டவுன்ல அந்தப் பெரிய ஓட்டல் இன்னும் நடக்குது. இன்னைக்குப் பாட்டு, டான்ஸ் எல்லாம் இருக்காம். வர்றியா? எட்டரைக்குள்ள கொண்டுவந்து விட்டுடறேன்."

புருஷனிடம் கேட்டால் "நிலைமை சரியாகட்டும்" என்பான். நிலைமை எப்போது சரியாகி, இவள் எப்போது வெளியே போக? அவன் ஷிப்ட் முடிந்து வர ஒன்பதாகும். இடைஞ்சல் அந்த ஏழு மணி ஆஜர் ஒன்றுதான். செட்டை எடுத்துக்கொண்டு நேரே எட்டாம் நம்பர் வீட்டுக்குப் போனாள்.

"காலேஜ்ல பிராக்ஸி கொடுத்ததே இல்லையா நீ? எனக்கும் சேர்த்துச் சொல்லிடுடி."

எட்டாம் நம்பர்க்காரி மிமிக்ரியில் கில்லாடி. "உங்க குரல் ரொம்ப சுலபம்கா. பாதித் தூக்கத்துல எழுப்பிவிட்ட மாதிரி பேசணும், அவ்வளவுதானே?" என்று பேசியும் காட்டினாள். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

ஓட்டலில் கண்ணாடி உடைந்த ஜன்னல்களுக்குப் பலகை அடித்திருந்தார்கள். ஜெனரேட்டர் வெளிச்சம். பாதி மேஜை காலி. ஆனாலும் மேடையில் நாலு பேர் வாசித்தார்கள், ஒருத்தி பாடினாள். பத்தாம் நம்பர்க்காரி இரண்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டாள். ஆடத் தெரியாது என்று பிகு பண்ணிவிட்டு, டாக்டரம்மா கையைப் பிடித்து இழுத்ததும் போய் ஆடினாள். காலை எப்படி வைத்தாலும் கேட்க ஆளில்லை. எத்தனை நாளாகிவிட்டது இப்படி மூச்சுவிட்டு! ஏழு மணி ஆனதே அவளுக்குத் தெரியாது.

எட்டு மணிக்கு ஓட்டல் மேனேஜர் பாட்டை நிறுத்தச் சொன்னார். ஆலைக் குடியிருப்புப் பக்கம் துப்பாக்கிச் சத்தமாம்.

குடியிருப்புச் சாலையைப் போலீஸ் அடைத்துவிட்டிருந்தது. கார் சுற்றிக்கொண்டு ஆலைக்குப் போனது. சிமெண்டு குடோனில் பதினோரு வீட்டு ஜனமும் மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தது. இவளைக் கண்டதும் எட்டாம் நம்பர்க்காரி வாயில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"அக்கா, சைரன் ஊதினதும் என்னை முதல் லாரியில ஏத்திட்டாங்க. மேஜர் கடைசி லாரிக்கு அப்புறம்தான் வந்தாரு, வந்ததும் உண்மையைச் சொல்லிட்டேன். ஆனா அதுக்குள்ள அண்ணன் உங்களைத் தேடி உள்ள போயிட்டாரு."

கடைசி லாரியிலும் பத்தாம் நம்பர் வரவில்லை. நோட்டில் டிக் இருந்தது. சேதி கேட்டு ஷிப்டிலிருந்து ஓடிவந்த புருஷன் மேஜருடைய ஆளிடம் ஒரு செட்டைப் பிடுங்கிக்கொண்டு, குடியிருப்பின் பின்வாசல் வழியாக வீட்டுக்கு ஓடியிருக்கிறான்.

"அப்பவே செட்ல சொல்லிட்டேம்மா, அவங்க வீட்ல இல்ல, திரும்பி வாங்கன்னு," என்றார் மேஜர். அவர் முகம் செத்துப்போயிருந்தது. "நம்பலை. என்னை வெளியே இழுக்கப் பொய் சொல்றீங்க, என் பெண்டாட்டி எங்கிட்ட சொல்லாம எங்கேயும் போகமாட்டான்னுட்டாரு. அப்ப வழி இருந்தது. இப்ப கலவரக் கூட்டம் பின்வாசலையும் பிடிச்சிடுச்சு."

அவள் செட்டை வாங்கினாள். பொத்தானை மேஜர்தான் அழுத்திப் பிடித்தார்.

"ஏங்க, நான்தாங்க. குடோன்ல இருக்கேன்."

 இரைச்சலுக்கு நடுவே அவன் ரகசியக் குரலில், "நிஜமாவே அங்கதான் இருக்கியா?"

"டாக்டரம்மாகூட ஓட்டலுக்குப் போயிருந்தேங்க. உங்ககிட்ட சொல்லலை."

"உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்லீங்க."

அவன் பெருமூச்சு விட்டது குடோனில் எல்லாருக்கும் கேட்டது. பீரோ, கட்டிலடி, மொட்டைமாடித் தண்ணித்தொட்டி என்று ஒரு இடம் விடாமல் பார்த்தானாம். இப்போது மாடிக் குளியலறையில் இருக்கிறான், கீழே கதவை உடைக்கிறார்கள்.

"சந்தோஷமா இருந்தியா?" என்று கேட்டான்.

குத்தலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பாள். அவன் தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். நாலு மாதமாக அவள் முகம் வாடிக் கிடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் அவன் ஒருத்தன்தானே. இல்லை என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தாள். அவனிடம் அன்றைக்கு இன்னொரு பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"இருந்தேங்க."

"சரி. செட்டை அணைச்சிடறேன். சத்தம் கேட்டா மேல வந்துடுவாங்க."

மறுநாள் விடிந்து ராணுவம் உள்ளே போனது. அவனைப் போர்வையில் சுற்றித்தான் கொண்டுவந்தார்கள். சவப்பெட்டியோடு அவளையும் விமானம் ஏற்றிவிடக் கூடவே போன டாக்டரம்மாவிடம் வழியெல்லாம் அவள் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தாள். "திட்டியிருக்கலாமே டாக்டர். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே அவரு."