அரை மணிக்குள்

இறந்து கிடந்த மனைவி ரமணியின் நெற்றியில் குங்குமம் வைக்கப்போன வேலாயுதத்தின் கை, மைத்துனன் ஜெயராஜ் சொன்னதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டது.

"மச்சான், பன்னெண்டுக்குள்ள எடுத்துடணும். அப்புறம் ராகு காலம். வேன்காரன்கிட்ட சொல்லிட்டேன்லா."

பாழாய்ப்போன ராகு காலம்!

ரமணிக்கு மார்பில் வந்த புற்றுநோய்க் கட்டி போன வருஷமே, தொண்ணூற்று இரண்டிலேயே, கரைந்துவிட்டது. டாக்டர்களே சிரித்துக்கொண்டு கைகொடுத்தார்கள். பிறகு கால் வீங்கி, மூச்சு வாங்கி, நேற்று இதயம் நின்றுபோனது. கட்டியைக் கரைக்கும் சிவப்பு மருந்து இதயத்தைக் கெடுக்கலாம் என்று முன்பே சொல்லித்தான் இருந்தார்கள். இதயத்துக்குக் காவலாக ஒரு புது மருந்தைச் சோதிக்கிறார்கள் என்றதும், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். முதலில் காவல் மருந்து டிரிப். அரை மணிக்குள் சிவப்பு மருந்து. தள்ளிப்போனால் பலனில்லை என்று நர்ஸ் இந்திரா படித்துப் படித்துச் சொன்னாள்.

கடைசித் தடவை வெள்ளிக்கிழமையாகப் போய்விட்டது. முதல் டிரிப் முடிந்தபோது மணி பத்தரை; வெள்ளியன்று பன்னிரண்டு வரை ராகு காலம். ராகு காலத்திலா அந்த விஷத்தை உடம்பில் ஏற்றுவது? அவருக்கு மனசு கேட்கவில்லை. டாய்லெட் என்று சொல்லி, ரமணியை வீல்சேரில் கேன்டீனுக்குத் தள்ளிப்போய் ஒரு கப் சூடான மைலோ வாங்கிக் கொடுத்தார். பன்னிரண்டுக்கு மேல்தான் திரும்பினார். இந்திரா திட்டித் தீர்த்தாள்.

இப்போது அதே இந்திரா மாலையோடு வந்து நின்றாள். அவளை ஓரமாக அழைத்துப்போனார்.

"அன்னிக்கு நான் வேணும்னேதான் லேட் பண்ணேன்மா. ராகு காலம்னு... அதனாலதான் போயிட்டாளா?"

இந்திராவின் முகம் வெளுத்தது.

"அங்கிள், ஆன்டிக்கு ஏறினது மருந்தான்னே எங்களுக்குத் தெரியாது. பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணிதான். கையெழுத்து வாங்கும்போதே சொன்னோமே. ரிசர்ச் முடிஞ்சாதான் யாருக்கு எதுங்கிற லிஸ்ட்டைப் பிரிப்பாங்க. பிரிச்சதும் போன் பண்ணிச் சொல்லவா?"

வேலாயுதம் குழம்பிப்போனார். தண்ணீர் என்றால் பழி அவர்மேல் இல்லை. ஆனால் அவள் இதயத்துக்கு ஒரு நாளும் காவலே இருந்திருக்காது. மருந்து என்றால், ஐயோ, அதைக் கெடுத்தவர் அவர்தானே? சாமியிடம் எதைக் கேட்பது?

"மச்சான், வாய்க்கரிசி!" ஜெயராஜ் அவர் கையில் அரிசியைக் கொடுத்தான்.

"வேணாம்மா. சொல்லாத," என்றார் இந்திராவிடம்.

அவள் தலையாட்டிவிட்டு நடந்தாள். ஜெயராஜ் கூப்பிடக் கூப்பிட, வேலாயுதம் கேட் வரை அவள் பின்னாலேயே போனார். அரிசி விரலிடுக்கில் சிந்திக்கொண்டே வந்தது.

"வீட்டு போன் நம்பர் இருக்குல்லம்மா?" என்றார்.