மிச்சம் பிடித்த மருந்து

குறிஞ்சாக்கேணியில் யார் வீட்டில் தீப்பெட்டி முடிந்தாலும் பக்கீர் வீட்டில் முடியாது. தொண்ணூறாம் ஆண்டு சண்டை மூண்டு கடைகளெல்லாம் வெறுமையாய்க் கிடந்தபோது, அயல் முழுக்க அவருடைய அரிசி மூட்டையையும் மண்ணெண்ணெய்ப் பீப்பாயையும் நம்பித்தான் இருந்தது. அன்றைக்குப் பிடித்த பழக்கம் பிறகு விடவேயில்லை. குளிக்கிற சவர்க்காரத்தைக்கூடப் பாதியாக வெட்டித்தான் கிணற்றடிக்குக் கொடுப்பார். "இந்த மனிசன் என்ட மையத்துக்கும் பாதிக் கபன் துணிதான் எடுப்பாரு" என்று மனைவி றுக்கியா ஊருக்கே சொல்லிச் சிரிப்பாள். அவள் சிரித்துக்கொண்டிருந்த காலம் அது.

மார்பில் வந்த புற்றுநோய் அவளுக்கு முதுகெலும்புவரை இறங்கிவிட்டது. கொழும்பில் கையை விரித்துவிட்டார்கள். இனி நோவில்லாமல் வைத்திருப்பதுதான் வைத்தியம் என்றார்கள். அந்த வைத்தியத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டவள் திருகோணமலை ஆஸ்பத்திரியில் வேலை செய்த தாதி பூரணி. லீவு நாளில் துறையைக் கடந்து வந்து, புண்ணைக் கழுவிக் கட்டி, மோர்பின் மருந்துப் போத்தலையும் கொடுத்துவிட்டுப் போவாள்.

"நானா, நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, இந்தக் கோடு வரைக்கும் ஊத்திக் குடுக்கோணும். நோவு வரட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருக்கக் கூடாது. முடிய முதல் நான் கொண்டந்து தருவன்."

பக்கீர் "ஓம் மிசி, ஓம் மிசி" என்றார். அவள் படலையைத் தாண்டியதும் அவருடைய பழைய புத்தி வேலை செய்யத் தொடங்கியது. துறையைக் கடக்க இருப்பது ஒரேயொரு பாதை. ஆட்களை ஏற்றிப் போகும் மிதவையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். எங்காவது ஒரு குண்டு வெடித்தால் பாதை நின்றுவிடும். சுற்றிவளைப்பு என்றாலும் நின்றுவிடும். காவலரணில் மருந்தைப் பறித்தால் யாரிடம் போய்க் கேட்பது? அதனால் கோட்டில் பாதிக்குத்தான் ஊற்றினார். அதையும் அவள் கதறத் தொடங்கிய பிறகுதான் கொடுத்தார். போத்தல் அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது.

"இவ்வளவுதானா மருந்து?" என்று ஒருநாள் கேட்டாள் றுக்கியா.

"இவ்வளவுதான் குடுக்கச் சொன்னாங்க. கொஞ்சம் பொறு புள்ள."

அவள் பொறுத்தாள். தலையணையைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். அவர் பக்கத்தில் குந்தியிருந்து அவள் காலைத் தடவித் தடவி அழுதார். அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். கடைசி நாளில் மருந்தில்லாமல் இவள் துடித்துவிடக் கூடாதே என்றுதான் அந்தப் பாவி மனிதர் அவளை ஒவ்வொரு நாளும் துடிக்க விட்டார்.

அவர் பயந்தபடியே பாதை நின்றது. மூதூர்ப் பக்கம் ஷெல் விழுந்து போக்குவரத்தையெல்லாம் நிறுத்திவிட்டார்கள். மறுபடி விட்டதும் முதல் ஆளாக ஏறி வந்த பூரணி, மூச்சு வாங்க வாங்க வீட்டுக்குள் நுழைந்தாள். மருந்து முடிந்து எத்தனை நாளோ என்று அவளுக்கு நெஞ்செல்லாம் பதைப்பு. பக்கீர் அலுமாரியைத் திறந்து போத்தலை எடுத்துக் காட்டினார். முகத்தில் ஒரு பெருமைகூட இருந்தது.

"மிச்சம் புடிச்சி வெச்சிருக்கன் மிசி. பாதை நிக்கும் எண்டு எனக்குத் தெரியும்."

பூரணி போத்தலைப் பார்த்தாள். கட்டிலில் நோவில் அரை மயக்கமாய்ச் சுருண்டு கிடந்தவளைப் பார்த்தாள். திட்டத்தான் வாயைத் திறந்தாள்.

"பாதை நிண்டதுதான் நானா. நிண்டும் மருந்து முடியேல்லையே. இவ்வளவு நாளும் இவ என்ன பாடு பட்டிருப்பா?"

பக்கீருக்கு அப்போதுதான் உறைத்தது. போத்தலை அவளிடமே நீட்டினார். பூரணி அதை வாங்கி, கோடு வரைக்கும் ஊற்றி, றுக்கியாவின் தலையைத் தாங்கிப் பருக்கினாள். அடுத்த வேளையையும் தானே கொடுத்துவிட்டுப் போகலாம் என்று அங்கேயே இருந்தாள்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது றுக்கியா கண்ணைத் திறந்தாள். நெற்றிச் சுருக்கம் விட்டிருந்தது. தன்னைச் சாய்த்து இருத்தச் சொன்னாள், பிளேன்டீ கேட்டாள். இரண்டு மிடறு குடித்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த முகத்தில் அவளுடைய பழைய சிரிப்பு வந்தது.

"இஞ்சருங்க, நோவே இல்ல. இது புது மருந்தா?"

பூரணி தலையைக் குனிந்துகொண்டாள். பக்கீர் பிளேன்டீக் கோப்பையை வாங்கிக் கீழே வைத்தார்.

"ஓம் புள்ள. மிசி இண்டைக்குத்தான் கொண்டாந்தாங்க."

"அதானே" என்று அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "முந்தியே வீட்ட இருந்திருந்தா நீங்க எனக்குத் தராமலா இருந்திருப்பீங்க?"

பக்கீர் இல்லையென்று தலையாட்டினார்.