மூன்றாவது அடியில் கூப்பிடுவான்

அம்மான் நகரத்துப் பள்ளியொன்றில் புவியியல் பாடம் எடுக்கும் வஜீஹுக்குப் பேரம் பேசத் தெரியாது. ஆனால் பேரம் பேசியதாகச் சொல்லத் தெரியும்.

வாஷிங் மெஷினுக்கு அவர் கொடுத்தது முந்நூற்று நாற்பது தினார். "கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். கடைப்பெண் சிரித்துக்கொண்டே, 'ஒரே விலை' என்று எழுதியிருந்த பலகையைக் காட்டினாள். அதற்குமேல் கேட்க அவருக்கு நா எழவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவி இன்ஆம் விலையைக் கேட்டாள். அவள் தம்பி நிழாமும் அங்கே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"இருநூத்தி எண்பது" என்று சொல்லிவிட்டது வஜீஹின் வாய். "முந்நூத்தி நாப்பதுன்னான். விடுவேனா?"

"எப்படி மச்சான்?" நிழாம் வாயைப் பிளந்தான். அவனும் ஃபிரிஜ் வாங்குவதாக இருந்தான்.

"ஒண்ணுமில்ல மாப்ளே. வேண்டாம்னு சொல்லிட்டு வாசலைப் பாத்து நட. திரும்பிப் பாக்காதே. மூணாவது அடியில கூப்பிடுவான்."

அந்த நிமிடம் வரை அவருக்கே தெரியாத வித்தை அது. இரண்டு நாள் கழித்து நிழாம் தொலைபேசியில் குதித்தான். "மச்சான், மூணாவது அடியிலேயே கூப்பிட்டுட்டான்! அம்பது தினார் குறைச்சேன்!" வஜீஹ் திகைத்துப் போனார். நாம் உளறியது உண்மையாகவே பலிக்கிறதா? அடுத்த நாள் காய்கறிக் கடையில் அதைச் சோதித்துப் பார்த்தார். பதினோரு அடி நடந்தும் யாரும் கூப்பிடவில்லை. கத்தரிக்காய் இல்லாமலே வீட்டுக்கு வந்தார்.

மெஷின் வாங்கிய ஒன்பதாம் நாள் இன்ஆம் கைப்பேசியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"பாருங்க அபூ லைஸ்," என்றாள்; மகன் லைஸின் அப்பா என்றுதான் அவரைக் கூப்பிடுவாள். "அதே மெஷின் இருநூத்தி அறுபத்தஞ்சு! நமக்குப் பதினஞ்சு தினார் நஷ்டம். வாங்கி ரெண்டு வாரத்துக்குள்ள விலை இறங்கினா, ரசீதைக் காட்டி வித்தியாசத்தைக் கேக்கலாமாம். தர மாட்டேன்னா, பிரிக்காத சாமானா இருந்தா திருப்பிக் குடுத்துட்டுப் புது விலைக்கு வாங்கிக்கலாம். நாமதான் துவைச்சுட்டோமே, அதனால வித்தியாசத்தையே கேளுங்க."

"பதினஞ்சு தினாருக்காக ஒரு வாத்தியார் போய் நிக்கிறதா?"

"சரி, ரசீதைக் குடுங்க, நான் போறேன்."

"வேண்டாம் வேண்டாம், நானே போறேன்!"

ரசீது அவர் சட்டையின் உள்பையில் மடங்கிக் கிடந்தது. அதில் கொட்டை எழுத்தில் முந்நூற்று நாற்பது. உண்மையில் வரவேண்டியது எழுபத்தைந்து. எழுபத்தைந்து தினாரை நினைத்தால் கால் கடைக்குப் போகச் சொன்னது. மானத்தை நினைத்தால் மனம் வீட்டிலேயே இருக்கச் சொன்னது. வியாழக்கிழமை பள்ளி விட்டதும் கால் ஜெயித்தது.

கடையில் வரிசை நீண்டிருந்தது. தனக்கு முன்னால் நிற்பவனின் பிடரி எங்கோ பார்த்ததுபோல் இருந்தது. பிடரி திரும்பியது. நிழாம்!

இருவரும் ஒரே நேரத்தில் கையிலிருந்த ரசீதை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்கள்.

"சும்மா... ஃபேன் பாக்க வந்தேன், மச்சான்."

"நானும்தான்" என்றார் வஜீஹ். வெளியே ஜனவரி மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அதற்குள் கடைப்பெண் நிழாமைக் கூப்பிட்டு ரசீதை வாங்கிவிட்டாள். "ஃபிரிஜ், நானூத்தி இருபது. முழு விலை குடுத்திருக்கீங்க. இப்ப முந்நூத்தி எழுபது. அம்பது தினார் திரும்ப வரும்" என்று வரிசைக்கே கேட்கும்படி சொன்னாள்.

நிழாமின் காது சிவந்தது. "நடந்தேன் மச்சான்" என்று முணுமுணுத்தான். "பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தேன். ஒரு பய கூப்பிடல. திரும்பி வந்து சொன்ன விலைக்கே வாங்கினேன். உங்களால முடிஞ்சது என்னால முடியலையேன்னு வெக்கமா இருந்துச்சு."

வஜீஹ் தன் ரசீதைக் கடைப்பெண்ணிடம் நீட்டினார்.

"மெஷின், முந்நூத்தி நாப்பது, முழு விலை. எழுபத்தஞ்சு வரும், உஸ்தாத்."

நிழாம் அவரைப் பார்த்தான். அவர் கூரையைப் பார்த்தார். பிறகு அடக்க முடியாமல் இருவரும் சிரித்த சிரிப்பில் கடைப்பெண் பணத்தை மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று.

வீட்டில் வஜீஹ் எழுபத்தைந்தையும் மேசைமேல் வைத்தார். இனி எந்தப் பொய்யையும் கட்டி மேய்க்க அவருக்குத் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொன்னார், கத்தரிக்காய் உட்பட.

இன்ஆம் நோட்டுகளை எடுத்து மடித்துக்கொண்டாள். "உங்களுக்குப் பேரம் பேச வராதுன்னு கல்யாணமான மறுவாரமே எனக்குத் தெரியும். நீங்க வாங்கின அன்னிக்கே கடைக்கு ஃபோன் போட்டு விலை கேட்டுட்டேன்."

"அப்புறம் ஏன் பதினஞ்சுன்னு சொன்னே?"

"எழுபத்தஞ்சுன்னா மானம் போகுதேன்னு வீட்டுலயே உக்காந்திருப்பீங்க. நானே போறேன்னு சொன்னாத்தானே நீங்க ஓடுவீங்க?"

பேரம் என்றால் என்னவென்று வஜீஹுக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு காசு குறைக்காமல் ஒப்புக்கொண்டு, தேநீர் போட எழுந்து போனார்.