ஒரே கை, மூன்று எண்கள்

1

ஒரே கை, ஒரே நாற்காலி, ஐந்து நிமிடத்துக்குள் மூன்று தடவை. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி முதலில் 118 என்றது, அடுத்து 142 என்றது, பிறகு 127 என்றது. எது உண்மை?

இதற்கு விடை தெரியாமல் என் அக்கா அந்தக் கருவியைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்திருந்த காலையில்தான் நான் அவள் வீட்டுக்குப் போனேன். இந்தக் கதை அங்கே கிடைத்தது. திருடினேன் என்றும் சொல்லலாம். அவள் அப்படித்தான் சொல்கிறாள்.

அக்காவுக்கு வேலை, தராசுகளைச் சரிபார்ப்பது. மளிகைக் கடை, மருந்துக் கடை, தபால் நிலையம் என்று எடை போடும் இடமெல்லாம் போவாள். பெட்டியிலிருந்து எடைக்கற்களை எடுத்து வைத்துப் பார்த்து, சரியாக இருந்தால் 'சரிபார்க்கப்பட்டது' என்று ஒரு பச்சை ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு வருவாள். அரைக் கிராமுக்கும் சண்டை பிடிப்பதால் வேலையிடத்தில் அவள் பெயர் கிராம்.

2

முதலில் கதையை இப்படித் தொடங்கினேன்: அவளுடைய இதயம் ஒரு காட்டுக் குதிரையைப் போல—

"காட்டுக் குதிரையை நீ எங்கடா பார்த்த?" என்றாள் அக்கா. அந்த வரியை அடித்துவிட்டேன்.

அடுத்தது: ஓராண்டுக்கு முன், சிகிச்சை முடிந்து அவள் வெளியே வந்தபோது வானம்—

வானத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நேராகவே சொல்கிறேன். இதயத்தில் மேலே இரண்டு அறைகள். ஒழுங்கான மின் குறிப்பு ஒன்று வந்தால் அவை ஒருசேரச் சுருங்கும். கண்ட இடத்திலிருந்தும் குறிப்புகள் கிளம்பினால் சுருங்காமல் வெறுமனே நடுங்கும், துடிப்பு தாறுமாறாகும். அங்கே தேங்கும் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய்விடலாம். அதனால்தான் அக்காவுக்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. சிகிச்சையின்போது தொடையிலுள்ள ரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயை உள்ளே விட்டு, வேண்டாத குறிப்புகள் கிளம்பும் இடத்தைச் சுற்றிச் சுட்டு, தழும்பாலேயே வேலி போடுகிறார்கள். சில பேருக்குப் பின்னால் அந்த வேலியில் இடைவெளி விழும். விழுந்தால் மறுபடி அடைக்கவும் வழி இருக்கிறது. (இந்தக் கடைசி வாக்கியத்தை அக்கா அப்போது நம்பவில்லை. நீங்கள் நம்பலாம்.)

3

அக்காவின் தொழிலில் ஒரு விதி உண்டு. ஒரே பொருள் மூன்று எடை காட்டினால் தப்பு தராசில். அரிசி மூட்டை தானாகக் கூடிக் குறையாது. ஆகவே கருவியைத் துடைத்தாள், பேட்டரி மாற்றினாள், வேலையிடத்து அழுத்தமானியோடு ஒப்பிட்டாள். பழுதே இல்லை. படியேறும்போது மூச்சு இரைத்ததற்கும் அவள் எடைக்கல் பெட்டியைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூடியை மாட்டி, கையில் பட்டையைச் சுற்றி, மறுபடி பொத்தானை அமுக்கினாள். அத்தான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார்.

"அது சரி, ஸ்கிரீன் மூலையில உன் ஸ்டிக்கரை எதுக்கு ஒட்டி வச்சிருக்க?"

"ஆஸ்பத்திரியிலேருந்து வந்த அன்னைக்கு ஒட்டினேன். எல்லாம் சரியா இருந்துச்சு, ஒட்டினேன். உங்களுக்கென்ன?"

"நாளைக்கு என் நெத்தியிலயும் ஒட்டிடாத, தாயே."

"நீங்க அதுல தேறமாட்டீங்க."

அவர் நகத்தால் சுரண்டி உரித்தார். அடியில் ஒரு சின்ன இதயப் படம் மின்னிக்கொண்டிருந்தது. துடிப்பு சீராக இல்லை என்று கருவி காட்டும் அடையாளம். துடிப்பு தாறுமாறானால் எண்களும் தடவைக்குத் தடவை மாறும். எத்தனை நாளாகக் காட்டிக்கொண்டிருந்ததோ.

(இந்த இடத்தில் ஓரத்தில் அக்காவின் கையெழுத்து: 'நான் அழவில்லை.' அழுததாக நான் எழுதவே இல்லையே, அக்கா.)

4

வியாழக்கிழமை மருத்துவரிடம் போக வேண்டும். எல்லாம் சீராக இருந்தால் மாத்திரையை நிறுத்துவது பற்றிப் பேசலாம் என்று அவர் சொல்லியிருந்தார். அக்கா ஓராண்டாகக் காத்திருந்த நாள் அது.

"118ஐ மட்டும் எழுதிட்டுப் போறேன்," என்றாள். "அதுவும் மெஷின் காட்டினதுதானே? பொய் இல்லையே."

"ஒரு கடைக்காரன் உன்கிட்ட இப்படிச் சொன்னா விட்டுடுவியா?" என்றார் அத்தான்.

அவள் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். ஏற்கெனவே கழுவிய பாத்திரங்கள்.

இங்கே எனக்கு இரண்டு முடிவுகள் தோன்றின. ஒன்றில், அவள் மறைக்கிறாள், மாத்திரை நிற்கிறது, ஒரு நாள்— வேண்டாம். எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டேன். மற்றதில், மருத்துவர் முன் உடைந்து அழுகிறாள். அதற்கு அனுமதி கிடைக்காது என்பது உங்களுக்கே தெரியும்.

நடந்தது வேறு.

5

புதன்கிழமை ஒரு கால்நடை மருத்துவமனையில் அவளுக்கு வேலை. அங்கிருந்த உதவியாளர் பொரிந்து தள்ளினாள்.

"இந்த மெஷின் சுத்த மோசம்க்கா. இவனை மூணு தடவை ஏத்தி நிறுத்தியாச்சு, மூணும் வேற வேற."

தராசின் மேல் ஒரு பழுப்பு நாய், உடம்பே வாலாகிவிட்டதுபோல ஆடிக்கொண்டு நின்றது. அக்கா அதை இறக்கிவிட்டு எடைக்கற்களை வைத்தாள். அணுவளவும் பிசகவில்லை.

"மெஷின் மேல பழி போடாதம்மா. உசுரு உள்ளது ஆடத்தான் செய்யும். அதுக்காக எடை போடாம விடுவியா? மூணு தடவை ஏத்து, கூட்டி மூணால வகு. டாக்டர் மருந்து குடுக்க அது போ—"

(வாக்கியத்தைப் பாதியில் விட்டது இந்த முறை நானல்ல.)

"என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. அவனுக்கு ஒரு பிஸ்கட் குடு, நான் சொன்னேன்னு."

6

வியாழனன்று மருத்துவர் வேலியை மறுபடி அடைக்கலாம் என்றாரா, வேறு மருந்து தந்தாரா, அத்தான் என்ன ஜோக் அடித்தார் என்பதெல்லாம் உங்கள் பாடு, எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரையை நிறுத்தியதாக மட்டும் எழுதாதீர்கள். எழுதவும் முடியாது, ஏனென்றால் அவள் கொண்டுபோன தாளின் நகல் என்னிடம் இருக்கிறது. அளவுகளின் முதல் வரி: 118, 142, 127. சராசரி 129. இதயப் படம் மின்னியது.

அதற்கு மேலே, அளக்கும் முறையைத் தன் தொழில் வழக்கப்படி எழுதியிருக்கிறாள்: ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் நடுவே ஒரு நிமிடம் விட்டு, மூன்று முறை அளக்க வேண்டும். மூன்றையும் எழுதி, சராசரியையும் எழுத வேண்டும். படம் மின்னினால் அதையும் எழுத வேண்டும். திரையின் மூலையில் எதையும் ஒட்டக் கூடாது.